ராசிங்காபுரம் டூ டோக்கியோ: 24 மணி நேரம்!

வீட்டில் யாராவது வெளிநாடு கிளம்பினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், குட்டீஸ். பெட்டி கட்டுவார்கள். எடை பார்ப்பார்கள். பாதியை வெளியே எடுத்து மறுபடி கட்டுவார்கள். கடைசியில் பாட்டி ஒரு கேள்வி கேட்பார்: "எத்தனை மணிக்குப் போய்ச் சேருவான்? எப்போ போன் பண்ணுவான்?"

உடனே டிக்கெட் உங்கள் கைக்கு வரும். "நீதான் படிக்கிற பிள்ளையாச்சே, பார்த்துச் சொல்லு!"

டிக்கெட்டில் இப்படி இருக்கிறது: கொழும்பில் புறப்பாடு 15.00, சிங்கப்பூரில் வருகை 21.30. நீங்கள் மனக்கணக்குப் போட்டு, "ஆறரை மணி நேரம் பறக்கும் பாட்டி" என்று சொல்லிவிடுகிறீர்கள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள்! அந்த விமானம் பறப்பது 4 மணி நேரம்தான். மீதி இரண்டரை மணி நேரம் எங்கே போனது?

பாட்டிக்குத் தப்பாகச் சொன்னால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் பயணம் போகிறவரே இந்தக் கணக்கில் தப்பு செய்தால், அடுத்த விமானம் அவரை விட்டுவிட்டுப் பறந்துவிடும். முன்பின் தெரியாத ஊரில் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான். அதனால் இன்று ஒரு பயணம் போய் இந்தக் கணக்கைப் படித்துக்கொண்டு வருவோம். பயணி நீங்கள்தான்!

புறப்படும் இடம், தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் பக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் ராசிங்காபுரம். போய்ச் சேரும் இடம், ஜப்பானின் தலைநகர் டோக்கியோ. வழியில் இலங்கை, சிங்கப்பூர் என்று இரண்டு நாடுகள். கணக்கு எளிதாக இருப்பதற்காகப் புறப்படும் நேரங்களை நாமே வைத்துக்கொள்கிறோம். ஊர்களும் தூரங்களும் பறக்கும் நேரமும் நிஜமானவை.

ஏன் நேராகப் போகக்கூடாது?

மதுரையில் ஏறி டோக்கியோவில் இறங்கினால் எவ்வளவு வசதி! ஏன் அப்படி விமானம் இல்லை?

நீங்கள் போடியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போடி, தேனிப் பக்கத்துப் பேருந்துகள் மதுரையில் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு வரும். திருநெல்வேலிப் பேருந்துகள் மாட்டுத்தாவணியிலிருந்து கிளம்பும். ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து மாட்டுத்தாவணி போய், அங்கே அடுத்த பேருந்தில் ஏறுவீர்கள்.

விமானத்திலும் இதே கதைதான். மதுரையிலிருந்து டோக்கியோவுக்குத் தினமும் ஒரு விமானத்தை நிரப்பும் அளவுக்கு ஆட்கள் போவதில்லை. ஆனால் மதுரை, திருச்சி, சென்னை, டாக்கா, ஜகார்த்தா என்று பல ஊர்களிலிருந்து வருகிறவர்களைச் சிங்கப்பூர் போன்ற ஒரு பெரிய நிலையத்தில் சேர்த்துவிட்டால், டோக்கியோவுக்கு ஒரு முழு விமானமே நிரம்பிவிடும். துபாய், தோஹா, கோலாலம்பூர், பாங்காக் எல்லாம் இப்படிப்பட்ட 'வான்வழி மாட்டுத்தாவணி'கள்தான்!

அப்படி இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தை 'லே-ஓவர்' என்கிறார்கள். நாம் 'இடைத்தங்கல்' என்று சொல்லலாம்.

காலை 5.00: கிளம்பியாச்சு!

விடியும் முன்பே கிளம்புவது ராசிங்காபுரம் பக்கத்துக்குப் புதிதல்ல. ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்கள் மலையேறும் நேரம் அது. அவர்கள் மேற்கே மலைக்குப் போகிறார்கள். நீங்கள் கிழக்கே மதுரைக்குப் போகிறீர்கள்.

போடி, தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, செக்கானூரணி வழியாக மதுரை விமான நிலையம். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டால் பதற்றம் இல்லாமல் போகலாம். போடியிலிருந்து மதுரைக்கு ரயிலும் உண்டு. 1928-இல் வந்த இந்தப் பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 கடைசியில் நிறுத்தப்பட்டது. பன்னிரண்டு வருடம் கழித்து, 2023 ஜூனில்தான் போடிக்கு மறுபடியும் ரயில் வந்தது.

காலை 8.00: மூன்று மணி நேரம் முன்பே எதற்கு?

விமானம் 11 மணிக்கு. வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்வார்கள். ஏனென்றால் நீங்கள் நான்கு வரிசைகளைத் தாண்ட வேண்டும்.

முதலில் 'செக்-இன்' கவுண்டர். பெரிய பெட்டியை எடை போட்டு வாங்கிக்கொண்டு, 'போர்டிங் பாஸ்' தருவார்கள். அடுத்து 'இமிகிரேஷன்'. பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்த்து முத்திரை குத்துவார்கள். மூன்றாவது, பாதுகாப்புச் சோதனை. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் இருக்கக்கூடாது. பாட்டில் தண்ணீரை அங்கேயே குடித்துவிடுங்கள். காலி பாட்டிலை உள்ளே கொண்டு போய் நிரப்பிக்கொள்ளலாம். நான்காவது, விமானம் ஏறும் 'கேட்'.

செக்-இன் கவுண்டரில் உங்கள் பெட்டியின் கைப்பிடியில் ஒரு நீளமான காகிதப் பட்டையை ஒட்டுவார்கள். அதைக் கட்டாயம் படித்துப் பாருங்கள். மூன்று எழுத்தில் ஓர் ஊர்க்குறி இருக்கும். உலகத்தில் உள்ள ஒவ்வொரு பெரிய விமான நிலையத்துக்கும் ஒரு மூன்றெழுத்துக் குறி உண்டு. மதுரைக்கு 'ஐ எக்ஸ் எம்'. கொழும்புக்கு 'சி எம் பி'. சிங்கப்பூருக்கு 'எஸ் ஐ என்'. டோக்கியோவின் நரிதா நிலையத்துக்கு 'என் ஆர் டி'.

மூன்று விமானங்களுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால், பொதுவாகப் பட்டையில் கடைசி ஊராக 'என் ஆர் டி' இருக்கும். அப்படியானால் பெட்டி தானாகவே விமானம் மாறி டோக்கியோ வந்து சேரும். நடுவில் நீங்கள் அதைத் தேட வேண்டாம்.

விலை குறைவு என்று தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால் கதை வேறு. பெரும்பாலும் நடுவில் இறங்கி, அந்த நாட்டின் இமிகிரேஷனைத் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டிவரும். அதற்கு அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானக் கம்பெனி உங்களுக்காகப் பொறுப்பேற்காது. அதனால் டிக்கெட் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "எல்லாம் ஒரே டிக்கெட்டா?"

பகல் 11.00: மதுரையிலிருந்து கொழும்பு

2012-இல்தான் மதுரையிலிருந்து முதன்முதலாக வெளிநாட்டுக்கு விமானம் பறந்தது. அது போனது கொழும்புக்கு. தூரம் சுமார் 350 கிலோமீட்டர். ஒரு மணி நேரம்கூடச் சரியாக ஆகாது. நாம் ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம்.

விமானம் மேலே ஏறும்போது காது அடைக்கும். பயப்பட வேண்டாம். போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஜீப் ஏறும்போதும் இப்படித்தானே அடைக்கிறது? உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதுதான் காரணம். எச்சிலை விழுங்குங்கள். மிட்டாய் சப்புங்கள். சரியாகிவிடும்.

விமானம் பத்துக் கிலோமீட்டருக்கும் மேலே பறக்கும். அந்த உயரத்துக் காற்றில் மனிதனால் சுவாசிக்க முடியாது. அதனால் உள்ளே காற்றை அடைத்து வைப்பார்கள். உள்ளே இருக்கும் அழுத்தம், சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதைப் போல இருக்கும். கொடைக்கானலின் உயரம் சுமார் 2,100 மீட்டர். அதாவது, விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பது கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பது மாதிரி!

மன்னார் வளைகுடாவைத் தாண்டி, பகல் 12 மணிக்குக் கொழும்பு விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள். நிலையம் இருப்பது நகரத்துக்கு வடக்கே கட்டுநாயக்கவில். அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழும் இருக்கிறது! இலங்கையில் தமிழும் ஆட்சிமொழி.

கடிகாரத்தை மாற்ற வேண்டுமா? வேண்டாம். இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றுதான். எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1996-இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னால் நகர்த்தியது. 2006 ஏப்ரலில்தான் திரும்பவும் இந்திய நேரத்துக்கே வந்தது.

முதல் இடைத்தங்கல்: 3 மணி நேரம்

இறங்கியதும் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே போய்விடாதீர்கள். 'டிரான்ஸ்பர்' அல்லது 'டிரான்சிட்' என்று எழுதியிருக்கும் அம்புக்குறியைப் பின்பற்றுங்கள். 'வருகை' அம்பு ஊருக்குள் போகிறவர்களுக்கு. 'டிரான்சிட்' அம்பு உங்களுக்கு.

அடுத்து, விமானப் பட்டியல் ஓடும் பெரிய திரையில் உங்கள் விமான எண்ணைத் தேடி, எந்த கேட் என்று பாருங்கள். போர்டிங் பாஸில் அச்சடித்த கேட் எண் கடைசி நேரத்தில் மாறலாம். திரையில் இருப்பதைத்தான் நம்ப வேண்டும். முதலில் கேட் இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் சாப்பாடு, கடை, வேடிக்கை எல்லாம். இந்த வரிசையை மாற்றக்கூடாது!

இன்னொன்று. 15.00 என்பது விமானம் நகரும் நேரம். கேட்டை அதற்கு முன்பே மூடிவிடுவார்கள். எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று போர்டிங் பாஸில் போட்டிருப்பார்கள். நீங்கள் மனதில் வைக்க வேண்டியது அந்த நேரத்தைத்தான்.

மாலை 3.00: காணாமல் போன இரண்டரை மணி நேரம்

கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,750 கிலோமீட்டர். 4 மணி நேரப் பயணம். நீங்கள் நேர் கிழக்கே சூரியனுக்கு எதிர்த் திசையில் பறக்கிறீர்கள். உங்கள் கைக்கடிகாரத்தில் மணி ஐந்தரை. ஊரில் உங்கள் நண்பர்கள் வெயிலில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் ஜன்னலுக்கு வெளியே சூரியன் மறைந்தே போய்விட்டது!

ஏன் இப்படி? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. அதனால் கிழக்கே இருக்கும் ஊருக்குச் சூரியன் முதலில் வரும், முதலில் போகும். ஒரு முழுச் சுற்று 360 டிகிரி. அதற்கு 24 மணி நேரம். 360-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு மணிக்கு 15 டிகிரி. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம்.

இந்திய நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 82½ பெருக்கல் 4 என்றால் 330 நிமிடம். அதாவது ஐந்தரை மணி நேரம். இங்கிலாந்தின் கிரீன்விச் நேரத்தைவிட நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பது இதனால்தான். ஜப்பான் 135 டிகிரி. 135 பெருக்கல் 4 என்றால் 540 நிமிடம், அதாவது 9 மணி நேரம். இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் வித்தியாசம் மூன்றரை மணி நேரம். சரியாக வருகிறதா?

சிங்கப்பூர் மட்டும் கொஞ்சம் குறும்பு செய்கிறது. அது இருக்கும் இடத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 7 மணி நேரம்தான் வரும். ஆனால் மலேசியாவும் சிங்கப்பூரும் 1982-இல் தங்கள் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தி, 8 மணி நேரம் என்று வைத்துக்கொண்டன. அதனால்தான் சிங்கப்பூரில் காலை 7 மணி வாக்கில்தான் விடிகிறது!

சரி, காணாமல் போன நேரத்துக்கு வருவோம். கொழும்பில் மாலை 3 மணிக்குக் கிளம்பினீர்கள். 4 மணி நேரம் பறந்தீர்கள். உங்கள் கைக்கடிகாரத்தில் இரவு 7 மணி. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் கூடுதல். ஆகவே அங்கே சுவர்க் கடிகாரத்தில் இரவு 9.30. டிக்கெட்டில் போட்டிருந்ததும் அதேதான். நேரம் எங்கும் காணாமல் போகவில்லை. டிக்கெட்டில் இருந்தவை இரண்டு வேறு வேறு கடிகாரங்கள்!

இதுதான் இன்றைய பாடம், குட்டீஸ். டிக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். ஓர் ஊர் நேரத்திலிருந்து இன்னோர் ஊர் நேரத்தை நேரடியாகக் கழிக்கக்கூடாது. முதலில் எல்லாவற்றையும் நம் ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள். அப்புறம் கழியுங்கள்.

நம் ஊர் நேரத்துக்கு மாற்றுவது எப்படி?

ஜப்பான், தென்கொரியா: 3½ மணி நேரம் கழிக்கவும்.
சிங்கப்பூர், மலேசியா, சீனா: 2½ மணி நேரம் கழிக்கவும்.
தாய்லாந்து: 1½ மணி நேரம் கழிக்கவும்.
நேபாளம்: 15 நிமிடம் கழிக்கவும். ஆமாம், கால் மணி நேரம்தான்!
இலங்கை: அப்படியே வைத்துக்கொள்ளவும்.
துபாய், அபுதாபி, மஸ்கட்: 1½ மணி நேரம் கூட்டவும்.
சவுதி அரேபியா, குவைத், கத்தார், பஹ்ரைன்: 2½ மணி நேரம் கூட்டவும்.

இதை வெட்டி எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அரபு நாட்டில் சித்தப்பாவோ சிங்கப்பூரில் மாமாவோ இருக்கும் வீடு என்றால் தினமும் உதவும்.

இரவு 9.30: சாங்கியில் இரண்டு பொறிகள்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் பெரிய ஊர் மாதிரி. ஒரு முனையத்திலிருந்து இன்னொரு முனையத்துக்குப் போக ஓட்டுநர் இல்லாத குட்டி ரயில் ஓடுகிறது. மூன்றாவது முனையத்தில், பயணிகள் காத்திருக்கும் பகுதியிலேயே நிஜ வண்ணத்துப்பூச்சிகள் பறக்கும் தோட்டம் இருக்கிறது. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. பேச்சுத்துணைக்கும் வழி கேட்கவும் தமிழர்கள் கிடைப்பார்கள்.

ஆனால் வேடிக்கை பார்க்கும்போது இரண்டு பொறிகளில் மாட்டாமல் இருக்க வேண்டும்.

முதல் பொறி, செல்போன். விமானத்தில் 'பிளைட் மோட்' போட்டிருப்பீர்கள். அதை எடுக்க மறந்தாலோ, புது ஊர் நெட்வொர்க் கிடைக்காவிட்டாலோ, போனில் நம் ஊர் நேரமே ஓடிக்கொண்டிருக்கும். அங்கே இரவு 12 மணி, போனில் 9.30. "இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கு" என்று சுற்றிக்கொண்டிருந்தால் அவ்வளவுதான். இறங்கியவுடன் நிலையத்தின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உங்கள் கடிகாரத்தைச் சரி செய்யுங்கள்.

இரண்டாவது பொறி இன்னும் மோசம். உங்கள் டோக்கியோ விமானம் 00.30 மணிக்கு. 24 மணி நேரக் கணக்கில் 00.30 என்றால் நள்ளிரவு பன்னிரண்டரை. நள்ளிரவு 12 மணிக்குத் தேதி மாறிவிடும்! நீங்கள் 10-ம் தேதி காலையில் ஊரிலிருந்து கிளம்பியிருந்தால், டிக்கெட்டில் இந்த விமானத்துக்கு 11-ம் தேதி என்று போட்டிருக்கும்.

'11-ம் தேதி ராத்திரி' என்று நினைத்துக்கொண்டு 11-ம் தேதி இரவு விமான நிலையத்துக்கு வந்தால் என்ன ஆகும்? விமானம் பறந்து ஒரு நாள் ஆகியிருக்கும். பெரியவர்களும் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். டிக்கெட்டில் 00.00-க்கும் 03.00-க்கும் நடுவில் ஒரு நேரம் இருந்தால், வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லுங்கள்: "முதல் நாள் சாயங்காலமே கிளம்பணும்!"

தாமதமானால் என்ன செய்வது?

மழை, பனிமூட்டம், இயந்திரக் கோளாறு என்று எதனாலும் விமானம் தாமதமாகலாம். அடுத்த விமானத்தை விட்டுவிட்டால் அழ வேண்டாம். நேராக 'டிரான்ஸ்பர்' கவுண்டருக்குப் போய் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்டுங்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால், அடுத்து இடம் இருக்கும் விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பெனியின் வேலை. அப்படி மாறினால் உடனே வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள். பாட்டி பழைய நேரத்தை நினைத்துக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

உங்கள் வயதுப் பிள்ளைகள் தனியாகப் போக முடியுமா? பல விமானக் கம்பெனிகளில் அதற்கு ஏற்பாடு உண்டு. அப்பா அம்மா ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தால், ஊழியர் ஒருவர் கூடவே இருந்து, அந்தப் பக்கம் பெயர் எழுதிக் கொடுத்த ஆளிடம் ஒப்படைப்பார். எந்த வயதுக்கு, எத்தனை விமானம் மாறலாம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

நள்ளிரவு 12.30: கடைசிப் பயணம்

சிங்கப்பூரிலிருந்து டோக்கியோ சுமார் 5,350 கிலோமீட்டர். 7 மணி நேரம். நன்றாகத் தூங்குங்கள். விமானத்துக்குள் காற்று ரொம்ப வறண்டிருக்கும். அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காமல் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.

ஜப்பானை நெருங்கும்போது 'ஜெட் காற்று' என்ற வேகமான காற்று, மேற்கிலிருந்து கிழக்காக வானத்தில் ஓர் ஆறு போல ஓடும். போகும்போது அது பின்னாலிருந்து தள்ளிவிடும். திரும்பி வரும்போது எதிர்க்காற்று. அதனால் அதே தூரத்துக்கு வரும்போது கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும்.

காலை 8.30. நரிதா விமான நிலையம். டோக்கியோ வந்துவிட்டது!

பழம், விதை, செடி, இலை, இறைச்சி போன்றவற்றைக் கொண்டு வருவதற்கு ஜப்பானில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. அம்மா பாசத்தோடு வைத்த கறிவேப்பிலையானாலும் சரி. எதை எடுத்துப் போகலாம் என்று கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் இருப்பதை மறைக்காமல் சுங்க அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது கணக்கை முடிப்போம். டோக்கியோ காலை 8.30-லிருந்து மூன்றரை மணி நேரம் கழித்தால் நம் ஊரில் காலை 5.00. நேற்று வீட்டிலிருந்து கிளம்பியதும் காலை 5.00. சரியாக 24 மணி நேரம்! மலையேறும் ஜீப்கள் இன்றைக்கும் ராசிங்காபுரத்தில் கிளம்பிக்கொண்டிருக்கும்.

அந்த 24 மணி நேரம் எங்கே போனது பாருங்கள். வானத்தில் பறந்தது 1 + 4 + 7 = 12 மணி நேரம். இடைத்தங்கல் 3 + 3 = 6 மணி நேரம். ஊரிலிருந்து மதுரைக்குப் போய் அங்கே காத்திருந்தது 3 + 3 = 6 மணி நேரம். பாதி நாள் பறந்திருக்கிறீர்கள். மீதிப் பாதி வரிசையிலும் நாற்காலியிலும்!

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

கைக்கடிகாரத்தை ஒரு நொடியில் மாற்றிவிடலாம். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. டோக்கியோவில் இரவு 10 மணிக்கு எல்லோரும் தூங்கப் போவார்கள். உங்கள் உடம்போ "இப்போ மாலை ஆறரைதானே!" என்று விழித்திருக்கும். காலையில் எழவும் மனம் வராது. இதை 'ஜெட் லேக்' என்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் வெளியே நடங்கள். அந்த ஊர் நேரத்துக்கே சாப்பிட்டுத் தூங்குங்கள். சில நாட்களில் சரியாகிவிடும்.

உங்களுக்குத் தெரியுமா?

* இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்ற முறை 1906 ஜனவரி 1-இல்தான் வந்தது. அதற்கு முன் இந்திய ரயில்கள் ஓடியது எந்த ஊர் நேரத்தில் தெரியுமா? சென்னை நேரத்தில்! சென்னை வானியல் ஆய்வகத்தின் கடிகாரம்தான் ரயில்களுக்கு வழிகாட்டி.

* இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் 1942-இல் சிங்கப்பூரைப் பிடித்ததும் ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வான்வழி அறுந்துபோனது. அதனால் 1943 முதல் 1945 வரை, இலங்கையில் காலி நகருக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல ஏரியிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குத் தண்ணீரில் இறங்கும் 'கேட்டலினா' விமானங்கள் இடைநில்லாமல் பறந்தன. சுமார் 5,600 கிலோமீட்டர். 27 முதல் 33 மணி நேரம் வரை ஆகும்! ஒரு தடவைக்கு மூன்று பயணிகள்தான். எதிரிக்குத் தெரியக்கூடாது என்று ரேடியோவில் பேசாமல், நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்ததால் இதற்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்று பெயர்.

செய்து பாருங்கள்!

ராசிங்காபுரம் இருப்பது ஏறக்குறைய 77.3 டிகிரி கிழக்கில். இந்திய நேரத்துக்கான கோடு 82½ டிகிரியில். வித்தியாசத்தை 4-ஆல் பெருக்கினால் சுமார் 21 நிமிடம். அதாவது அங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, சராசரியாக 12.21-க்கு.

உண்மையா என்று பார்க்க, மைதானத்தில் ஒரு குச்சியை நேராக நடுங்கள். பகல் 12.00 முதல் 12.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். நிழல் மிகக் குட்டையாக இருந்த நேரம்தான் உங்கள் ஊரின் உண்மையான நடுப்பகல். மாதத்துக்கு மாதம் இது கால் மணி நேரம் வரை முன்பின் ஆகும். மற்ற ஊர்க் குட்டீஸ் உங்கள் ஊர் எத்தனை டிகிரி என்று நில வரைபடத்தில் பார்த்துக் கணக்கிடுங்கள்.

இனி நீங்கள் சொல்லுங்கள்!

1. சித்தப்பா துபாயில் இரவு 22.00-க்குப் புறப்பட்டு, திருச்சியில் அதிகாலை 03.30-க்கு இறங்குகிறார். எத்தனை மணி நேரம் பறந்தார்?

2. அக்காவின் விமானம் 12-ம் தேதி 00.15-க்கு. விமான நிலையத்துக்குப் போக 4 மணி நேரம் ஆகும். மூன்று மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்?

3. டோக்கியோவில் ஒரு வீட்டிலிருந்து காலை 8.30-க்குக் கிளம்பி, 24 மணி நேரம் பயணம் செய்து ராசிங்காபுரம் வருகிறீர்கள். பாட்டியின் சுவர்க் கடிகாரத்தில் மணி என்ன?

4. டோக்கியோவில் இருக்கும் நண்பன் காலை 7 மணிக்கு எழுந்தவுடன் உங்களுக்குப் போன் செய்கிறான். உங்களுக்கு அப்போது மணி என்ன? அவனைத் திட்டலாமா?

விடைகள்: 1. 4 மணி நேரம். துபாய் 22.00 என்றால் நமக்கு 23.30. 2. 11-ம் தேதி மாலை 5.15. 3. மறுநாள் காலை 5.00. 4. அதிகாலை 3.30. திட்ட வேண்டாம், இந்தக் கட்டுரையைப் படிக்கச் சொல்லுங்கள்!